டொனிகால் ஃபிடிலில் ஏன் இத்தனை ஸ்காட்லாந்து வாடை?

தந்திக்கம்பி

ஐரிஷ் ஃபிடில் என்றால் எனக்கு இதுவரை மைக்கேல் கோல்மன் வழி வந்த ஸ்லைகோ பாணிதான். வழுக்கிக்கொண்டு ஓடும் வில், சுருள் சுருளாக ரோல்கள் (விரலால் போடும் அலங்காரங்கள்), ஒரு நொடி கூட நிற்காத ஓட்டம். சமீபத்தில் ஜான் டோஹர்ட்டியின் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்கத் தொடங்கினேன். அயர்லாந்தின் வடமேற்கு மூலையில் உள்ள டொனிகால்காரர், 1980-இல் காலமானவர். இது வேறு தேசத்து இசையோ என்று தோன்றுகிறது. பெரும்பாலும் சுரத்துக்கு ஒரு வில், வெடுக்கென்ற வெட்டு, அடியில் ஒரு தந்தி பைப் வாத்தியம் போல ரீங்காரம். நடுநடுவே 'ஸ்ட்ராத்ஸ்பே' என்று அறிவித்துவிட்டு வாசிக்கிறார். அது ஸ்காட்லாந்தின் ஸ்பே நதிப் பள்ளத்தாக்கின் பெயர் அல்லவா?

அயர்லாந்திலேயே மற்ற வட்டாரங்களில் இப்படி இல்லை. ஸ்காட்லாந்து நடன மெட்டுகள் இங்கே மட்டும் எப்படி இவ்வளவு ஆழமாக இறங்கின? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

எதிர்வாதி

இதில் என்ன மர்மம்? 1609-இல் ஆங்கிலேய அரசு அல்ஸ்டர் மாகாணத்தில் குடியேற்றத் திட்டம் போட்டது. ஸ்காட்லாந்துக்காரர்கள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கினார்கள். டொனிகால் அல்ஸ்டரில்தான் இருக்கிறது. வந்தவர்கள் பாட்டையும் கொண்டு வந்தார்கள். கதை முடிந்தது.

கிளைட்கரை

கதை அங்கே முடியவில்லை, எதிர்வாதி. ஆண்டுகளைப் பார்த்தாலே இடிக்கும்.

இன்று நாம் ரீல் (விரைவான நடன மெட்டு) என்றும் ஸ்ட்ராத்ஸ்பே என்றும் சொல்லும் மெட்டுகளில் பெரும்பாலானவை 18-ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் உருவானவை. எடின்பரோவில் ராபர்ட் பிரெம்னர் தன் ரீல் தொகுப்பை அச்சிடத் தொடங்கியது 1757-இல். ஸ்காட்லாந்தின் பெரிய ஃபிடில்காரர்களில் நீல் கோ பிறந்ததே 1727. வில்லியம் மார்ஷல் 1748. குடியேற்றத்தில் வந்தவர்களின் கொள்ளுப்பேரன் காலத்துச் சரக்கு இது. 1609-இல் படகேறியவர் இன்னும் பிறக்காத மெட்டை மூட்டை கட்டிக்கொண்டு வந்திருக்க முடியாது.

இன்னொன்று. குடியேறியவர்கள் பெரும்பாலும் டொனிகாலின் கிழக்கில், லாகன் என்கிற வளமான சமவெளியில் நிலம் பிடித்தார்கள். டோஹர்ட்டி குடும்பமோ தென்மேற்குப் பக்கம், மலையும் சதுப்பும் சூழ்ந்த ஆர்டாரா, க்ளென்டீஸ் பகுதிகளில் சுற்றித் திரிந்தவர்கள். தகரக் கொல்லர்கள், கத்தோலிக்கர்கள், ஐரிஷ் மொழி பேசியவர்கள். அந்தக் குடும்பத்து ஃபிடிலில் ஸ்ட்ராத்ஸ்பே புகுந்ததற்குக் குடியேற்றம் மட்டும் காரணமாகாது.

என் புரிதலில் இது ஒரே தடவையில் நடந்ததல்ல. மூன்று அலைகள்: முதலில் அச்சும் நடன ஆசான்களும், பிறகு கூலி வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள், கடைசியில் கிராமபோன். முதல் அலை அயர்லாந்து முழுக்க அடித்தது. இரண்டாவதும் மூன்றாவதும் டொனிகாலில்தான் பலமாக அடித்தன. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. நேரம் கிடைக்கும்போது ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

எதிர்வாதி

மெட்டு வரவில்லை என்றாலும் ஆள் வந்தான் அல்லவா? உறவு இருந்ததால்தானே பிறகு வந்த மெட்டுக்கும் வழி கிடைத்தது? அதையும் தள்ளிவிடுவீர்களா?

கிளைட்கரை

தள்ள மாட்டேன். லாகன் பண்ணைகளில் ஸ்காட்டிஷ் வழிவந்த குடும்பங்கள் இருந்தன. மேற்கு டொனிகால் சிறுவர்கள் லெட்டர்கென்னி, ஸ்ட்ரபேன் கூலிச் சந்தைகளில் ஆறு மாதக் கூலிக்கு அமர்த்தப்பட்டு அங்கே போனார்கள். அந்தப் பண்ணைகளில் அவர்கள் காதில் விழுந்த இசைக்கும் பங்கு உண்டு. ஆனால் அது வாசல்தான். போக்குவரத்து பிற்பாடு நடந்தது.

வடமராட்சியான்

நான் வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் இருக்கிறேன். இந்தப் பக்கத்து நில அமைப்பைக் கொஞ்சம் சொன்னால் விளங்கும்.

வரைபடத்தில் பாருங்கள். ஸ்காட்லாந்துக்கு மிகக் கிட்ட இருப்பது டொனிகால் அல்ல, ஆன்ட்ரிம். அங்கிருந்து கின்டைர் முனைக்கு இருபது கிலோமீட்டர் அளவுதான், வெளிச்சமான நாளில் கண்ணுக்கே தெரியும். ஆகவே 'பக்கத்தில் இருப்பதால் வந்தது' என்று மட்டும் சொன்னால் போதாது. டொனிகாலை ஸ்காட்லாந்தோடு கட்டிப்போட்டது வறுமை.

மேற்கு டொனிகாலில் ரோசஸ், குவீடோர் பகுதிகளின் நிலத்தில் கல்தான் விளையும். வருமானத்துக்கு ஒரே வழி, வருடா வருடம் ஸ்காட்லாந்து போய் உருளைக்கிழங்கு தோண்டுவது. ஆணும் பெண்ணும் பிள்ளைகளுமாகக் கூட்டம் கூட்டமாகப் போவார்கள். கோடையில் தென்மேற்கே ஏர்ஷையரில் தொடங்கி, கிழங்கு முற்ற முற்ற வடக்கே நகர்ந்து, குளிர் வருவதற்கு முன் ஊர் திரும்புவார்கள். தங்குமிடம் மாட்டுத் தொழுவமும் வைக்கோல் கொட்டகையும்தான். 1937-இல் கிளாஸ்கோவுக்குப் பக்கத்தில் கெர்கின்டிலாக் என்ற ஊரில் அப்படியொரு கொட்டகை தீப்பற்றி, மேயோ மாவட்டத்து ஆக்கில் தீவைச் சேர்ந்த பத்து இளைஞர்கள் இறந்துபோனார்கள். அந்த வாழ்க்கை எப்படி இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

பயண வழி இதே டெர்ரிதான். 1903-இல் பர்ட்டன்போர்ட் வரை ரயில் போட்டார்கள். ரோசஸ்காரர் ரயிலேறி டெர்ரி வந்து, கப்பலேறினால் விடியக் கிளாஸ்கோ. டப்ளினைக் காணாத டொனிகால் ஆட்கள் எத்தனையோ பேர், ஆனால் கிளாஸ்கோ அவர்களுக்கு அடுத்த தெரு மாதிரி. 1921-இல் அயர்லாந்து வடக்கு, தெற்கு என்று பிரிந்தபோது டொனிகால் தெற்கோடு சேர்ந்தது. அதன் நில எல்லை ஏறக்குறைய முழுதும் வடக்கோடுதான், லீட்ரிம் பக்கம் மட்டும் ஒரு சின்னத் துண்டு தெற்கைத் தொடுகிறது. அரசியல் அவர்களைத் தெற்கே பார்க்கச் சொன்னது, பிழைப்பு கிழக்கே இழுத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகும் ஸ்காட்லாந்து மலைகளைக் குடைந்து நீர்மின் சுரங்கங்கள் வெட்டியவர்களில் டொனிகால்காரர் ஏராளம்.

கிளைட்கரை

நன்றி வடமராட்சியான், இரண்டாம் அலையின் அடித்தளத்தை நீங்களே போட்டுவிட்டீர்கள்.

அந்தக் கூலிகள் திரும்பும்போது கொண்டு வந்தது மெட்டு மட்டுமல்ல, நடனமும்கூட. இதைப் பலர் கவனிப்பதில்லை. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவிலிருந்து ஷாட்டிஷ் என்ற ஜோடி நடனம் பிரிட்டனுக்கு வந்தது. ஸ்காட்லாந்தில் அதை ஸ்ட்ராத்ஸ்பே மெட்டுகளுக்கு ஆடத் தொடங்கினார்கள். 'ஹைலண்ட் ஷாட்டிஷ்' பிறந்தது. அது டொனிகாலுக்குப் போய் வெறும் 'ஹைலண்ட்' ஆயிற்று. வீட்டு நடனங்களில் ஹைலண்ட் இல்லாத ராத்திரி இல்லை என்கிற அளவுக்குப் பரவியது.

நடனம் பரவினால் வாசிப்பவனுக்கு மெட்டு வேண்டும், நிறைய வேண்டும். கையில் கிடைத்த ஸ்ட்ராத்ஸ்பேக்களை எல்லாம் ஹைலண்ட் ஆக்கினார்கள். 'மனிமஸ்க்' இதற்கு நல்ல சான்று. டேனியல் டோ என்பவர் 18-ஆம் நூற்றாண்டில் மனிமஸ்க் எஸ்டேட்டின் சர் ஆர்ச்சிபால்ட் கிரான்ட் பெயரில் போட்ட மெட்டு. டொனிகாலில் அது சாதாரண ஊர் ஹைலண்ட். 'கிரீன் க்ரோ த ரஷஸ்' என்ற பழைய ஸ்காட்டிஷ் பாட்டு மெட்டும் அப்படித்தான். ஸ்ட்ராத்ஸ்பே போதாதபோது பாட்டு மெட்டுகளையும் ரீல்களையும் கூட ஹைலண்ட் நடைக்கு மாற்றினார்கள். ஆக, ஸ்காட்லாந்து கொடுத்தது மெட்டுகளின் குவியல் மட்டுமல்ல, மெட்டு செய்யும் ஒரு அச்சையும் கொடுத்தது. பிறகு அந்த அச்சில் ஊர்க்காரர்கள் தாங்களே வார்த்துக்கொண்டார்கள்.

தந்திக்கம்பி

அருமை. ஸ்ட்ராத்ஸ்பே ஹைலண்ட் ஆகும்போது காதுக்கு என்ன மாறுகிறது? இரண்டும் 4/4 தானே?

நாலாம்விரல்

இதை நான் சொல்கிறேன், வாசித்துப் பார்த்திருக்கிறேன்.

ஸ்ட்ராத்ஸ்பேயில் ஒரு தட்டு இரண்டு சமமில்லாத சுரங்களாகப் பிரியும். நெடில்-குறில் என்று வரலாம்: தாஆ-க. அல்லது தலைகீழாகக் குறில்-நெடில்: த-காஆ. இந்த இரண்டாவதுதான் 'ஸ்காட்ச் ஸ்னாப்'. குறில் தட்டின் மேலேயே விழுந்து உடனே நெடிலுக்குத் தாவும். காதில் சுண்டிவிட்டது போல இருக்கும். ஸ்காட்லாந்து வாசிப்பில் ஒவ்வொரு தட்டிலும் இந்தச் சுண்டல் வரலாம், நாலு தட்டும் அழுத்தமாக நிற்கும். நீல் கோவின் மேல்வில் பேர்போனது. வில் மேலே போகும்போது பொதுவாகச் சத்தம் மெலியும், அவருக்கு மெலியாதாம். அந்த முரட்டு மேல்வில் இருந்தால்தான் ஸ்ட்ராத்ஸ்பே ஸ்ட்ராத்ஸ்பேயாக இருக்கும்.

டொனிகால் ஹைலண்ட் அதே எலும்புக்கூடுதான், ஆனால் ஸ்னாப்பைச் சிக்கனமாகச் செலவழிப்பார்கள். நாலு தட்டில் ஒன்றும் மூன்றும் தூக்கலாக ஒலிக்கும், இடைப்பட்டவை உருண்டு போகும். வேகம் கொஞ்சம் கூடும். ஜோடி சுற்ற வேண்டுமே, ஒவ்வொரு தட்டிலும் நின்று நின்று போனால் கால் சிக்கும். ஸ்னாப் போன இடத்தில் வில்லாலேயே அடிக்கும் ட்ரிப்ளெட் வந்து உட்காரும்: ஒரே சுரத்தில் தகிட என்று மூன்று வெட்டு, மணிக்கட்டை இறுக்கி. தெற்கிலும் மேற்கிலும் இடது கை விரலால் ரோல் போடுவார்கள், அது ஊலியன் பைப் என்ற ஐரிஷ் துருத்தி வாத்தியத்தின் அலங்காரச் சாயல். டொனிகாலில் அந்த வேலையின் பெரும்பகுதியை வலது கை எடுத்துக்கொண்டது.

அப்புறம் இன்னொன்று: நடனத்துக்கு ஹைலண்ட், உட்கார்ந்து கேட்க ஸ்ட்ராத்ஸ்பே என்று இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருந்த வாசிப்பாளர்கள் உண்டு. டோஹர்ட்டி ஸ்ட்ராத்ஸ்பே என்று அறிவித்தால் அது கச்சேரி உருப்படி. ஸ்னாப்பும் ஓட்டங்களும் முழுசாக இருக்கும், யாரும் ஆட மாட்டார்கள்.

சங்கராபரணன்

வெள்ளைக்கார நடன மெட்டு ஊர் மாறிப் புது வேஷம் கட்டுவது நமக்குப் புதிதில்லையே! முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரங்களில் 'வந்தே மீனாக்ஷி' அப்படியே 'ரேக்ஸ் ஆஃப் மாலோ'. மாலோ என்பது அயர்லாந்தின் கார்க் மாவட்டத்து ஊர். கம்பெனி பாண்டு வாத்தியக்காரர்கள் வாசித்தது சமஸ்கிருத சாகித்யத்தோடு நம் வீட்டுக் குழந்தைகளின் பாடமாகிவிட்டது. இந்த வழியில் யோசித்தால்...

நெறியாளர்

சங்கராபரணன், நோட்டுஸ்வரத்துக்குத் தனி இழை ஏற்கெனவே நாற்பது பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே தொடருங்கள், இங்கே டொனிகால்.

எதிர்வாதி

சரி, இவ்வளவும் ஒப்புக்கொண்டால் விளைவு என்ன? நடனம் ஸ்காட்லாந்து, மெட்டு ஸ்காட்லாந்து, ஸ்னாப் ஸ்காட்லாந்து. அப்படியானால் டொனிகால் பாணி ஐரிஷ் இசையே அல்ல, ஸ்காட்டிஷ் இசையின் மேற்குக் கிளை என்று சொல்லிவிட்டுப் போகலாமே. அசல் ஐரிஷ் வேண்டுமென்றால் ஸ்லைகோ, கிளேர் என்று போகட்டும்.

கிளைட்கரை

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். முதல் அலையைப் பற்றி இன்னும் எழுதவில்லை, அது இங்கே பொருந்தும்.

'அசல் ஐரிஷ்' என்று நீங்கள் சொல்லும் ஸ்லைகோவின் தலைமகன் மைக்கேல் கோல்மன். 1891-இல் பிறந்து நியூயார்க் போய் 1920-களிலும் 30-களிலும் இசைத்தட்டுகள் பதித்தவர். அவருடைய மிகப் புகழ்பெற்ற ரீல் வரிசையின் முதல் மெட்டு 'டார்போல்டன்'. டார்போல்டன் எங்கே இருக்கிறது? ஏர்ஷையரில், டொனிகால் கூலிகள் கிழங்கு தோண்டப் போன அதே ஸ்காட்லாந்து மாவட்டத்தில். அவர் பதித்த இன்னொரு ஜோடி 'பானி கேட்', 'ஜென்னிஸ் சிக்கன்ஸ்'. முன்னது மனிமஸ்க் போட்ட அதே டேனியல் டோவின் 'பானி லாஸ் ஆஃப் ஃபிஷரோ'. பின்னது ஸ்காட்லாந்தில் 'ஸ்லீப்பி மேகி'. 'லார்ட் மெக்டொனால்ட்' என்ற பெயரைப் பார்த்தாலே தெரிகிறது.

இன்னும் வேண்டுமா? பைப் வாசிப்பவர்கள் உயிரைவிடும் 'ரேக்கிஷ் பேடி' ஸ்காட்லாந்து மலைநாட்டின் 'காபர் ஃபே'. 'பாய்ன் ஹன்ட்' அங்கே 'பெர்த்ஷையர் ஹன்ட்'. 'மிஸ் மெக்லவுட்' 1809-இல் கோ குடும்பத்தின் தொகுப்பில் ஸ்கை தீவின் ரீல் என்று அச்சானது. ரீல் என்ற வடிவமே 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்காட்லாந்திலிருந்து வந்து, ஊர் ஊராகப் போன நடன ஆசான்கள் வழியே அயர்லாந்து முழுக்கப் பரவியது. இன்று அயர்லாந்தில் அதிகம் வாசிக்கப்படுவது ரீல்தான்.

ஆகவே ஸ்லைகோவிலும் ஸ்காட்டிஷ் மெட்டு உண்டு, டொனிகாலிலும் உண்டு. ஸ்லைகோவுக்கு வந்தவை சீக்கிரம் வந்துவிட்டன. நூறு வருடத்துக்கு மேல் ஊலியன் பைப், புல்லாங்குழல் ஆட்களோடு பழகி, ஸ்னாப்பை உதிர்த்து, உருண்டு திரண்டு உள்ளூர் உச்சரிப்புக்கு வந்துவிட்டன. டொனிகாலில் போக்குவரத்து நிற்கவே இல்லை. பழைய மெட்டு ஊர்க்காரன் ஆவதற்குள் புதிய மெட்டு அடுத்த கப்பலில் வந்து இறங்கியது. ஸ்காட்லாந்து உச்சரிப்பு அங்கே புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருந்தது. மண்ணின் தூய்மை பற்றிய பேச்சுக்கு இதில் இடமே இல்லை. இரண்டு மாவட்டமும் ஒரே கடையில்தான் சரக்கு எடுத்தன, ஒன்று கணக்கை முடித்துவிட்டது, மற்றது பற்று வரவைத் தொடர்ந்தது.

வடமராட்சியான்

இன்னொரு வேடிக்கை சொல்கிறேன். 1893-இல் தொடங்கிய கேலிக் லீக் என்ற ஐரிஷ் மொழி-பண்பாட்டு இயக்கம், அந்நிய நடனம் வேண்டாம் என்று குவாட்ரில் வழி வந்த செட் நடனங்களையும் ஷாட்டிஷையும் ஒதுக்கப் பார்த்தது. அதே இயக்கத்தின் லண்டன் கிளை 1897-இல் பாட்டும் நடனமுமான முதல் 'கேலி' (céilí) கூட்டத்தை நடத்தியது. அந்த யோசனை எங்கிருந்து வந்தது? லண்டனில் இருந்த, கேலிக் மொழி பேசும் ஸ்காட்லாந்துக்காரரின் மாலைக் கூட்டங்களைப் பார்த்துத்தான். பிற்பாடு அதிகாரபூர்வ கேலி நடனங்களில் சேர்ந்த 'ஃபேரி ரீல்' ஆடப்படும் மெட்டு, நீல் கோவின் மகன் நதானியல் கோ 1802 அளவில் ஃபைஃப் பகுதி வேட்டைக் குழுவின் நடன விழாவுக்காகப் போட்ட 'ஃபேரி டான்ஸ்'. அந்நியம் வேண்டாம் என்ற கதவால் ஸ்காட்லாந்து உள்ளே வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டது.

டொனிகால்காரருக்கு இந்தத் தூய்மைப் பேச்சால் நட்டம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கோல்மன் இசைத்தட்டுகள் வந்த பிறகு ஸ்லைகோ பாணியே 'ஐரிஷ் ஃபிடில்' என்று நாடு முழுதும் நிலைத்தது. டொனிகால் வில் கரடுமுரடு, ஸ்காட்டிஷ் சாயல் என்று ஒரு குறை பேச்சு நெடுங்காலம் இருந்தது. போதாததற்கு 1935-இல் பொது நடனக்கூடச் சட்டம் வந்து, உரிமம் இல்லாத வீட்டு நடனங்களைப் பாதிரியாரும் பொலிஸும் நெருக்கத் தொடங்கினார்கள். ஹைலண்ட் வாழ்ந்ததே வீட்டு நடனத்தில்தான்.

தந்திக்கம்பி

கிளைட்கரை, மூன்றாம் அலை கிராமபோன் என்றீர்களே? டோஹர்ட்டி ஊர் ஊராகச் சுற்றிய தகரக் கொல்லர், அவருக்கு ஏது கிராமபோன்?

கிளைட்கரை

அவருக்குப் பல காலம் சொந்தமாக ஃபிடில்கூட இருந்ததில்லை! போகிற வீட்டில் இருப்பதை வாங்கி வாசிப்பார். வீட்டில் கிராமபோன் இருந்தால் அதையும் கேட்பார். ஸ்காட்லாந்து போய் வந்த குடும்பங்களில் அங்கே வாங்கிய இசைத்தட்டும் இருக்கும்.

அந்தத் தட்டுகளில் முக்கியமானவர் ஜேம்ஸ் ஸ்காட் ஸ்கின்னர். 1843-இல் அபர்டீன் பக்கம் பாங்கரியில் பிறந்து 1927-இல் இறந்தவர். 'ஸ்ட்ராத்ஸ்பே மன்னர்' என்று விளம்பரத்தில் போட்டுக்கொள்வார், அடக்கம் என்ற சொல் அவர் அகராதியில் இல்லை. நடன ஆசான், மேற்கத்திய செவ்வியல் முறையிலும் பயின்றவர். 1899-லேயே உருளைகளில் பதிவு செய்யத் தொடங்கிவிட்டார், கோல்மனுக்கு இருபது வருடம் முன்பே. அவருக்கு அடுத்து மெக்கென்சி மர்டாக் என்பவரின் தட்டுகளும் டொனிகாலில் புழங்கின.

ஸ்கின்னரின் உருப்படிகள் கச்சேரி மேடைக்கானவை. உயர் பொசிஷன்கள், அடுக்கடுக்கான விரைவு ஓட்டங்கள், வில்லைத் துள்ளவிடும் வித்தைகள். ஸ்காட்லாந்திலும் அந்தக் காலத்தில் ஃபிடில் மேடை ஏறிக்கொண்டிருந்தது. எடின்பரோ ஹைலண்ட் ரீல் அண்ட் ஸ்ட்ராத்ஸ்பே சொசைட்டி 1881-இல் தொடங்கியது, பலர் வரிசையாக உட்கார்ந்து ஒரே குரலில் வாசிப்பார்கள். டோஹர்ட்டி செய்தது இதற்கு எதிர்த்திசை. மேடை உருப்படியை இறக்கி அடுப்பங்கரைக்குக் கொண்டுவந்தார். கைவித்தையை விடவில்லை, அவர் ட்ரிப்ளெட்டின் கூர்மையில் ஸ்கின்னர் தெரிகிறார். ஆனால் மேடைக்குரிய இழுப்பும் குழைவும் போய்விட்டன. பதிலுக்கு ஒரு கதை வரும். இந்த மெட்டை யார் எந்த மலைக் கணவாயில் கேட்டார், அதில் பேய் உண்டா குதிரை உண்டா என்று சொல்லிவிட்டுத்தான் வில்லை எடுப்பார். ஒரு மெட்டில் வில்லால் ஃபிடிலின் உடம்பிலேயே நாலு தட்டுத் தட்டுவார், 'கட்டிலின் நாலு கால்' என்று அதற்குப் பெயர்.

அண்ணன் மிக்கி டோஹர்ட்டியை 1949-இல் ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் பதிவு செய்தது. தனிப்பட்ட கருத்து: தம்பியைவிட அண்ணனிடம் நடனம் அதிகம் தெரியும். ஹைலண்ட் என்றால் என்ன என்று புரிய மிக்கியிடம் போங்கள்.

நாலாம்விரல்

மிக்கி பற்றிய கருத்தை ஏற்க மாட்டேன். ஜானின் ரீல் ஒன்றைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்க முடியுமா பாருங்கள். சண்டை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று விட்டுப்போயிற்று: பைப். ஸ்காட்லாந்து மலைநாட்டுப் பைப்பில் ஒன்பதே சுரங்கள், மாறாமல் ஒலிக்கும் ஆதார சுருதி, அதாவது ட்ரோன். நிறைய ஸ்காட்டிஷ் ஃபிடில் மெட்டுகள் அந்த ஒன்பது சுரத்துக்குள்ளேயே அடங்கும். டொனிகால் ஃபிடிலும் இந்தப் பழக்கத்தை எடுத்துக்கொண்டது. பக்கத்துத் தந்தியைத் தொட்டுக்கொண்டே வாசிப்பது, இரண்டு பேர் வாசித்தால் ஒருவர் ஒரு ஸ்தாயி கீழே இறங்கி அதே மெட்டைத் தொடர்வது. க்ளென்கொலம்கில் பக்கத்து காசிடி குடும்பத்தார் இதில் கெட்டிக்காரர்கள். இப்படி இரட்டை ஃபிடில் ஒலிக்கும்போது தாளக்கட்டுக்கு வேறு வாத்தியமே தேவைப்படாது. டொனிகாலில் கேலி பாண்டுகள் இந்தப் பழக்கத்தை முழுசாக விழுங்காததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

எதிர்வாதி

பைப் ஸ்காட்லாந்துக்கு மட்டும் சொந்தமா? அயர்லாந்திலும் போர்ப் பைப் இருந்ததே. ட்ரோன் ஒலிக்கு எதற்காக எல்லாவற்றையும் கடல் தாண்டித் தேட வேண்டும்?

நாலாம்விரல்

நியாயமான கேள்வி. ட்ரோனை மட்டும் வைத்து ஊர் சொல்ல முடியாதுதான். டோஹர்ட்டிகளுக்கு மெக்ஸ்வீனி என்ற பைப் குடும்பத்தோடு உறவு உண்டு, அது சுத்த டொனிகால். அதனால் நான் ட்ரோனையும் ஸ்னாப்பையும் சேர்த்தே பார்ப்பேன். ஒரு மெட்டில் இரண்டும் இருந்து, ஒன்பது சுரத்துக்குள் அடங்கினால் ஸ்காட்லாந்து பக்கம் கை காட்டுவேன். ட்ரோன் மட்டும் என்றால் வாயை மூடிக்கொள்வேன்.

எதிர்வாதி

இந்த அளவுகோல் சரி. 'ஸ்காட்டிஷ் கிளை' என்ற பேச்சை இன்னும் நான் முழுசாக விடவில்லை, கோல்மன் பட்டியலைத் தனியாகக் கேட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன்.

சங்கராபரணன்

நெறியாளர் அனுமதித்தால் கற்றுக்குட்டிக் கேள்வி ஒன்று. என்னிடம் இருப்பது கர்நாடக வயலின். பைப் மாதிரியான ரீங்காரத்துக்குத் தந்திகளை வேறு மாதிரி மீட்டுவார்களா? அல்லது சாதாரண மேற்கத்திய சுருதியிலேயே வாசிக்கிறார்களா?

நாலாம்விரல்

பெரும்பாலும் சாதாரண ஜி-டி-ஏ-ஈ தான். ஆனால் பைப் ஒலி வேண்டிய மெட்டுகளுக்குக் கீழ் இரண்டு தந்திகளையும் ஒவ்வொரு சுரம் ஏற்றி ஏ-ஈ-ஏ-ஈ என்று வைப்பது ஸ்காட்லாந்தில் பழைய வழக்கம், 'கிரெய்க்ஸ் பைப்ஸ்' என்ற ரீலை அப்படித்தான் வாசிப்பார்கள். ஷெட்லாந்து தீவுகளிலும் உண்டு, டொனிகாலிலும் உண்டு.

உங்களுக்கு நல்ல செய்தி: ஏ-ஈ-ஏ-ஈ என்றால் என்ன? ச-ப-ச-ப. உங்கள் வயலின் ஏற்கெனவே அந்த மீட்டலில்தான் இருக்கிறது, சுருதி மட்டும் தாழ்வாக இருக்கும். தந்தியை ஏற்ற வேண்டாம், அறுந்துவிடும். இருக்கிற சுருதியிலேயே மேல் ஷட்ஜத்தில் ஒரு ரீலை எடுத்து, கீழ்த் தந்தியைச் சும்மா உரச விடுங்கள். கமகத்தை மட்டும் அடக்கி வாசியுங்கள், நேர்ச்சுரம் போதும்.

சங்கராபரணன்

முயன்று பார்த்தேன். ரீங்காரம் பிரமாதம். ஸ்னாப்தான் வரமாட்டேன் என்கிறது, த-காஆ என்று வாயால் சொன்னால் வருகிறது, வில் கேட்கவில்லை.

நாலாம்விரல்

வில்லின் நடுப்பகுதிக்கு மேலே, ஒரு சாண் நீளத்துக்குள் வாசியுங்கள். குறிலுக்கு ஒரு விரற்கடை, நெடிலுக்கு மிச்சம். நம் பழக்கத்தில் ஒரே வில்லில் பல சுரம் கோப்போம், இங்கே பிரித்துவிடுங்கள். முதலில் மெதுவாக மனிமஸ்க்.

தந்திக்கம்பி

கேட்க எங்கே தொடங்குவது என்றும் யாராவது சொல்லுங்கள். டோஹர்ட்டி சகோதரர்கள் தவிர?

வடமராட்சியான்

கான் காசிடி, ஜேம்ஸ் பர்ன் இருவரும் க்ளென்கொலம்கில் பக்கத்தார். ஹைலண்டுக்கு இவர்களே போதும். டாமி பீப்பிள்ஸ் கிழக்கு டொனிகால், 2018-இல் காலமானார், அவருடைய ட்ரிப்ளெட்டைக் கேட்டுவிட்டு ஃபிடிலை மூடி வைத்தவர்கள் உண்டு. குவீடோரின் மரேட் நீ வீனி தொடங்கிய ஆல்டன் குழுவின் ஆரம்ப ஆல்பங்களில் ரீல்களுக்கு நடுவில் ஹைலண்டும் ஜெர்மனும் வரும். ஜெர்மன் என்பது டொனிகாலில் பார்ன் டான்ஸ் என்ற ஜோடி நடனத்துக்குப் பெயர். 1980-களில் இந்தக் குழுவும், ஊர் ஃபிடில்காரர் அமைப்பான கார்தஸ் நா விட்லேரியும் வந்த பிறகுதான் 'ஸ்காட்டிஷ் சாயல்' என்ற குறை பேச்சு அடங்கியது. அந்த அமைப்பு ஆகஸ்டில் க்ளென்கொலம்கில்லில் ஃபிடில் பள்ளி நடத்துகிறது, ஸ்காட்லாந்தில் இருந்தும் ஆட்கள் படிக்க வருகிறார்கள்.

கிளைட்கரை

ஒரு பயிற்சியும் சேர்த்துக்கொள்ளுங்கள் தந்திக்கம்பி. ஸ்கின்னர் தட்டில் ஏதாவது ஒரு ஸ்ட்ராத்ஸ்பே, அடுத்து ஜான் டோஹர்ட்டியின் ஸ்ட்ராத்ஸ்பே, அடுத்து கான் காசிடியின் ஹைலண்ட், கடைசியில் கோல்மனின் டார்போல்டன். இந்த வரிசையிலேயே கேளுங்கள். ஸ்னாப் எங்கே குறைகிறது, எங்கே காணாமல் போகிறது என்று குறித்து வைத்துக்கொண்டு இங்கே எழுதுங்கள். எதிர்வாதியும் அதே நாலைக் கேட்கட்டும்.

எதிர்வாதி

கேட்கிறேன். ஆனால் டார்போல்டனில் ஸ்னாப் மிச்சம் இருந்தால் நான் விட மாட்டேன்.